எனக்குத் தெரிந்த ஒரே இத்தாலிய வினைச்சொல்

சம்பந்தியம்மா வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தாலியிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு, என் வீட்டுக்கு, என் கையால் சாப்பிட ஒருவர் வருகிறார். கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போனாலும் அதே நினைப்பு. மாட்டுக்குத் தீவனம் வைத்தாலும் அதே நினைப்பு. என் வீட்டுக்காரர் எதிரில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டால்தான் எனக்கு ஒரு தடவை காதில் விழும்.

என் பெண் மேல்படிப்புக்கு அந்த ஊருக்குப் போனவள். படிப்பு முடிந்து அங்கேயே வேலை கிடைத்தது, கூடவே மாப்பிள்ளையும் கிடைத்தார். விஷயத்தை முதலில் சொன்னபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வயலில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்துவிட்டன. பிறகு ஒரு நாள் அந்தப் பையன் வீடியோவில் வந்து, "அத்தை, சாப்டீங்களா?" என்று கேட்டார். என் பெண் பேசுகிற அதே இழுப்பு, எங்கள் ஊர் இழுப்பு. அவ்வளவுதான், நான் அடங்கிவிட்டேன்.

மாப்பிள்ளைக்குத் தமிழ் வருகிறது. ஆனால் அவருடைய அம்மாவுக்கு இத்தாலிய மொழியைத் தவிர வேறு எதுவும் வராது. அப்பா இல்லை, அம்மாதான் எல்லாம். எனக்குத் தமிழ் வரும், உர மூட்டையில் எழுதியிருக்கிற அளவுக்கு இங்கிலீஷ் வரும். சம்பந்தி வந்து பத்து நாள் என் வீட்டில் இருக்கப் போகிறார், நிச்சயதார்த்தம் முடிந்துதான் கிளம்பப் போகிறார். அவரோடு நான் பேசாமல் ஊமை மாதிரி உட்கார்ந்திருப்பதா? சர்க்கரை ஆலை ஆபீஸில் போய் நின்றால் என் குரல் கேட்டு எடைமேடை வரைக்கும் ஆள் திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. "எனக்கு உங்க ஊரு பாஷையைச் சொல்லிக் குடுடி," என்று மகளைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் பாடத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'இரு' என்கிற வினையில் ஆரம்பித்தாள். நானுக்கு ஒன்று, நீக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று, நாமுக்கு ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

"இன்னாடி இது, ஆளுக்கு ஆள் மாத்திக்கினே போற?"

"நம்ம தமிழ்லயும் வரேன், வர, வரான்னு மாறுதேம்மா."

"அது தானா மாறுது. நானா மாத்துறேன்? எனக்கு இந்த மாதிரி வளையாம நெளியாம ஒரே ஒண்ணு குடு. அத்த வெச்சு நான் ஒப்பேத்திக்கிறேன்."

போனில் அவள் முகம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு சிரித்தாள். "ஒண்ணு இருக்குதும்மா. உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது. பஸ்தாரே."

பஸ்தாரே என்றால் போதுமானதாக இருப்பது. பேச்சில் பஸ்தா. போதும். இதை நெடிலாக, பாஸ்தா என்று எழுதினால் கள்ளக்குறிச்சி பேக்கரியில் தட்டில் வைத்துத் தருகிற சாப்பாட்டுச் சாமானாகிவிடும், அதனால் குறிலாகவே எழுதுகிறேன். எனக்குப் போதும் என்பதற்கு மி பஸ்தா. உனக்குப் போதும் என்பதற்கு தி பஸ்தா. மரியாதையாக உங்களுக்குப் போதும் என்றால் லெ பஸ்தா. ஆள் மாறினாலும் வினை அப்படியே நிற்கிறது.

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஆகிவிட்டது. தமிழில் 'நான் போதுகிறேன்' என்று யாராவது சொல்கிறோமா? சோறு போதும், தண்ணீர் போதும், தூக்கம் போதும். போதுகிற வேலையைச் செய்வது அந்தச் சோறும் தண்ணீரும். நமக்கு அது வந்து சேருகிறது, அதனால்தான் 'எனக்கு' என்கிறோம். அங்கேயும் அச்சு அசலாக அதே கணக்கு. எத்தனையோ கடல் தாண்டி இருக்கிற ஊரில் யாரோ ஒருத்தி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு 'எனக்கு' என்று ஆரம்பித்துப் 'போதும்' என்று முடிக்கிறாள். நான் எழுந்து நின்றுவிட்டேன், போன் கீழே விழுந்துவிட்டது.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. ஒரு இட்லி போதும் என்றால் பஸ்தா. இட்லிகள் இரண்டு ஆகிவிட்டால் வினையும் பன்மைக்குப் போய்விடுகிறது, பஸ்தானோ. நமக்கு ஒன்றானாலும் நூறானாலும் போதும் என்பது போதும்தான். போதுமானதாக இருந்தது என்று முடிந்துபோனதைச் சொல்ல அவர்களும் நம்மைப் போலவே 'இரு'வைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள், மி எ பஸ்தாத்தோ என்று. போதாது என்றால் முன்னால் ஒரு நோன் போட வேண்டும். நோன் மி பஸ்தா. இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, பஸ்தாவோடு இன்னொரு வினையைச் சேர்க்கிற வழி. பஸ்தா கியேதெரே. கேட்டால் போதும். 'நீ வந்தாப் போதும்', 'அவன் நல்லா இருந்தாப் போதும்' என்று நாள் முழுக்க நாம் பேசுகிற பேச்சு அங்கேயும் இருக்கிறது.

"மிச்சத்தையெல்லாம் கையால காட்டிக்கோ," என்றாள் மகள். "அவங்க ஊர்க்காரங்களும் பாதி கையாலதான் பேசுவாங்க."

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாவற்றுக்கும் பஸ்தாதான். என் வீட்டுக்காரருக்குக் குழம்பு ஊற்றினால் "தி பஸ்தா?" என்பேன். மனுஷன் பாவம், பயந்துபோய்த் தலையை ஆட்டுவார். ஒரு நாள் கட்டிங் ஆர்டர் கேட்டு ஆலை ஆபீஸுக்குப் போயிருந்தேன். கட்டிங் ஆர்டர் வந்தால்தான் கரும்பை வெட்ட முடியும். "அடுத்த வாரம் பாக்கலாம்மா," என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் "நோன் மி பஸ்தா" என்று வாயில் வந்துவிட்டது. அவர் பதறிப்போய் எனக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

வைகாசியில் வந்தார் சம்பந்தியம்மா, மகளோடும் மாப்பிள்ளையோடும். வேன் கதவு திறந்ததும் குள்ளமாக, கிராப்பு வெட்டிய நரைத்த தலையோடு ஒருவர் குதித்து இறங்கினார். நான் ஆரத்தித் தட்டோடு நிற்கிறேன், அவர் பாட்டுக்குத் தட்டைச் சுற்றிக்கொண்டு வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, சந்தோஷமும்தான்.

அவர் தன் ஊரில் டவுன் பஸ் ஓட்டியவர், ஓட்டியே ரிட்டயர் ஆனவர். இதைக் கேட்டதும் எங்கள் தெரு ஆட்களுக்கு அவர்மேல் தனி மரியாதை வந்துவிட்டது. வந்த அன்றைக்குச் சாயங்காலமே கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்று, வருகிற வண்டிகளின் டயரையெல்லாம் குனிந்து பார்த்தார். ஒரு டிரைவரிடம் கியரைக் காட்டி என்னவோ கேட்டார், அவரும் தமிழில் என்னவோ பதில் சொன்னார், இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டில்தான் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டேன். இலை போட்டு, சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வறுவலும் முட்டையும் வைத்தோம். இரண்டாம் தடவை சோறு வைத்ததும் கையை உயர்த்தி "பஸ்தா" என்றார். ஆகா, என்ன மாதிரி இருந்தது தெரியுமா அது? நான் இத்தனை நாள் வரப்பில் நின்று சொல்லிப் பார்த்த சொல்லை, அந்த மண்ணிலேயே பிறந்த வாய் சொல்லி என் காதால் கேட்கிறேன். புரிந்துவிட்டது எனக்கு, முழுசாகப் புரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

பின்னே? சம்பந்தி போதும் என்றால் நிறுத்திவிடுவதா? எங்கள் பக்கத்தில் முதல் போதும் மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது போதும் வயிறு நிறைந்ததற்குச் சொல்வது. இலையின் மேல் படுக்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்து மறைத்தால்தான் உண்மையான போதும், அப்போதும் விரல் இடுக்கில் ஒரு கரண்டி ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்தம்மாவுக்கு இந்தப் படிகள் தெரியவில்லை. வைத்ததை மிச்சம் விடக் கூடாது என்று வேறு வளர்ந்தவராம். "பஸ்தா, பஸ்தா" என்று சொல்லிக்கொண்டே அத்தனையையும் சாப்பிட்டு முடித்தார். காலையில் எழுந்திருக்க முடியவில்லை. ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை அடுப்படிக்கு வந்தார். "அத்தை, எங்கம்மா பஸ்தான்னு சொன்னா பஸ்தாதான். ரெண்டாந்தரம் சொல்லத் தெரியாது அவங்களுக்கு. பஸ் ஓட்டினவங்க இல்ல? பெல் அடிச்சா நிறுத்திடுவாங்க. மறுபடியும் பெல் அடிச்சாத்தான் எடுப்பாங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இது சாப்பாட்டு விஷயத்தோடு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு உடம்பு தேறியதும் கல்வராயன் மலைக்குக் கூட்டிப் போனோம். வளைவுக்கு வளைவு சம்பந்தியம்மா தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கரியாலூர் தாண்டி ஓர் ஓடையிடம் வண்டியை நிறுத்தினோம். வழியில் மலைக்காரர் ஒருவரிடம் வாங்கிய பலாப்பழத்தை டிரைவர் அறுத்துக் கொடுத்தார். மகளும் மாப்பிள்ளையும் ஓடையோடு மேலே நடந்து போனார்கள். என் வீட்டுக்காரர் வேன் நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். பாறைமேல் சம்பந்திகள் நாங்கள் இருவர் மட்டும், நடுவில் பலாச்சுளை.

போனில் மொழிபெயர்க்கிற வசதி ஒன்றை மகள் வைத்துத் தந்திருந்தாள். அங்கே சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. சரி, நம்மிடம்தான் ஒரு வினைச்சொல் இருக்கிறதே என்று நான் தைரியமாக இருந்தேன்.

சம்பந்தியம்மா கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். முகம் சீரியஸாக இருந்தது. மேலே நடந்து போகிற இரண்டு பேரையும் காட்டினார். கையை விமானம் மாதிரி பறக்கவிட்டு, தரையைத் தொட்டு, இங்கே வருவதாகக் காட்டினார். பிறகு இரண்டு விரலை நீட்டி "துவே ஆன்னி" என்றார். ஒரு விரலை நீட்டி "ஊனா வோல்தா" என்றார். எண்ணும் வருஷமும் மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். இரண்டு வருஷம், ஒரு தடவை. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இவர்கள் இங்கே வருவார்கள். என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "தி பஸ்தா?"

லெ பஸ்தா என்று கேட்கவில்லை, தி பஸ்தா என்றார். உனக்குப் போதுமா. கூடப் பிறந்தவளிடம் கேட்கிற மாதிரி.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையா? அவள் படிக்கப் போன முதல் வருஷமே அவள் துணியைத் துவைக்காமல் பீரோவில் வைத்திருந்தவள் நான். எப்படிப் போதும்? மனசு இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறது. முகம் பாட்டுக்குச் சிரித்தது, கை பாட்டுக்குக் கும்பிட்டது, வாய் பாட்டுக்குச் சொன்னது: "சி, சி. மி பஸ்தா." ஆமாம், ஆமாம், எனக்குப் போதும்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால் எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்ற யாருக்கும் விளக்கவே வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்து ஒன்றைக் கேட்டால், "அதெல்லாம் எதுக்குங்க, இதுவே போதும்" என்று பெண் வீட்டார் சொல்ல வேண்டும். உடனே அவர்கள் "அதெப்படிங்க போதும்?" என்று இழுக்க வேண்டும். உண்மையான பேச்சு அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகும். எந்தக் கல்யாணப் பேச்சும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகும். நான் என் பங்கைச் சொல்லிவிட்டு அவருடைய 'அதெப்படிங்க'வுக்காக உட்கார்ந்திருந்தேன்.

அது வரவில்லை. சம்பந்தியம்மா என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு ஒரு பலாச்சுளையை எடுத்துக் கொட்டையைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் கனைத்தேன். பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டேன். அவர் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வேனில் மலையிறங்கும்போதும் விடவில்லை நான். மகள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு உச்சுக் கொட்டினேன். சம்பந்தியம்மா அதைக் கவனித்துவிட்டு, வளைவில் எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து ஜன்னல் சீட்டைத் தந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நான் தோட்டத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி போதும்னு சொன்னியாமே. நெசமாவா?"

"யாருடி சொன்னா?"

"அத்தைதான் அவன்கிட்ட சொன்னாங்க."

"அவர்னு சொல்லுடி."

"பேச்சை மாத்தாதம்மா. லீவைச் சேத்து வெச்சு ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி ஒரேடியா ஒரு மாசம் போய் இருந்துட்டு வரலாம்னு அவன் சொல்லிக்கினு இருந்தான். வருஷா வருஷம் போகணும்னு நான் சண்டை போட்டுக்கினு இருந்தேன். அத்தைதான், நீங்க ரெண்டு பேரும் வாயை மூடுங்க, பெத்தவகிட்ட கேட்டு நான் முடிவு பண்றேன்னு சொன்னாங்க. கேட்டுட்டாங்க. நீ போதும்னுட்ட."

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. "மறுபடியும் ஒருதரம் கேப்பாங்கன்னு இருந்தேன்டி."

"அவங்க கேக்க மாட்டாங்கம்மா. சோத்துல பாத்தியே."

"அப்ப நீ போய் சொல்லிடு, அம்மா சும்மா சொல்லிட்டாங்கன்னு."

"நான் சொன்னா நான்தான் உன்னைத் தூண்டி விட்டேன்னு நெனைப்பாங்க. ஏற்கனவே சண்டை போட்டவ நான். நீ சொன்னதை நீயேதான் மாத்திச் சொல்லணும்." முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீயா போதும்னு சொன்ன? ஆலையில சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்." எனக்கு இருந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவருக்குக் காபி கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நிச்சயதார்த்தம் வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொல் தெரியாமல் இல்லை. நோன் மி பஸ்தா, மூன்றே சொல். அடுப்படியில் சம்பந்தியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். நான் "நோன்..." என்று ஆரம்பிப்பேன். அவர் நிமிர்ந்து பார்ப்பார். "நோன்... வெங்காயம்," என்று அவர் கையிலிருந்து வெங்காயத்தை வாங்கி வைத்துவிடுவேன். சம்பந்தியிடம் போதாது என்று பெண்ணைப் பெற்றவள் சொன்னால் எங்கள் பக்கத்தில் அது சண்டை. தட்டு மாற்றுவதற்கு முன்னால் அந்தச் சொல் விழுந்து, மண்டபத்திலிருந்து அப்படியே எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும். நாக்கு எழவே இல்லை.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மலையிலிருந்து வந்ததிலிருந்து சம்பந்தியம்மா முன்னைப் போல இல்லை. பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. என்னைப் பார்த்தால் சிரிப்பார், அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிடும். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று மோர் கலக்கிக் கொடுத்தேன்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டு வாசலில், பந்தல் போட்டு. ஒரு பக்கம் நாங்கள், எதிர்ப்பக்கம் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும். அவர்கள் பக்கம் ஆள் குறைவாகத் தெரியக் கூடாது என்று எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் தாங்களாகவே போய் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், புடவைத் தட்டுகள். என் வீட்டுக்காரரின் அண்ணன்தான் சபைக்குப் பெரியவர். தட்டு மாற்றுவதற்கு முன்னால் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"ரெண்டு வூட்டுக்காரங்களுக்கும் திருப்திதானுங்களா? குறை எதுனா இருந்தா சபையில இப்பவே சொல்லிடுங்க."

இதற்குப் பதிலும் வழக்கமானது. குறை ஒன்றும் இல்லை என்று இரண்டு பக்கமும் சொல்லும், கெட்டிமேளம் கொட்டும். குறை சொல்லத்தான் இந்தக் கேள்வி என்று நான் பார்த்த எந்த நிச்சயத்திலும் யாரும் நினைத்ததில்லை.

மாப்பிள்ளை தன் அம்மா காதில் மொழிபெயர்த்துச் சொன்னார். அந்தம்மா மெதுவாக "சி" என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் அரக்குப் பட்டில், உள்ளே வாசல்படியருகே நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, தன் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்காமல் இருந்ததுதான் என்னைப் பிடித்துத் தள்ளியது.

"நோன் மி பஸ்தா," என்றேன்.

சபைக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஏதோ அவர்கள் பாஷையில் வாழ்த்துச் சொல்கிறேன் என்று நினைத்துப் பின்வரிசையில் கை தட்டினார்கள். வீடியோ எடுக்கிற தம்பி ஓடிவந்தார். "அக்கா, சரியா விழல. மைக்குக்கிட்ட வந்து இன்னொருவாட்டி சொல்லுங்க." சரி, ஆனது ஆச்சு என்று மைக்கைப் பிடித்துச் சொன்னேன். "துவே ஆன்னி, ஊனா வோல்தா... நோன் மி பஸ்தா." தெரு முனையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலும் அது கேட்டது.

சம்பந்தியம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மடை திறந்த மாதிரி கொட்டினார். ஒரு சொல் எனக்குப் பிடிபடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது, துடைக்கவே இல்லை, பேசிக்கொண்டே இருக்கிறார். அதை மொழிபெயர்ப்பதற்குள் மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது.

"அத்தை, மலையில இருந்து வந்ததுல இருந்து எங்கம்மா சரியாத் தூங்கல. ரெண்டு வருஷம் பொண்ணைப் பாக்காம இருக்கறது போதும்னு சிரிச்சிக்கினே சொல்றாங்களே, அந்தப் பொண்ணு மேல அவங்களுக்கு ஆசையே இல்லையான்னு கேட்டுக்கினே இருந்தாங்க. இல்லன்னா என் புள்ளையைப் புடிக்கலையா, வேணாம்னு சொல்ல முடியாம சிரிக்கிறாங்களான்னு. இந்த வூட்டுல பொண்ணு எடுக்கலாமான்னே யோசிச்சாங்க அத்தை. நான்தான் பேசிப் பேசி இங்க உக்கார வெச்சேன்."

கேட்டுக்கொண்டே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் காட்டிய மரியாதை பாறைக்கு அந்தப் பக்கம் போய் இப்படியா விழுந்திருக்கிறது. நான் வெங்காயத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்தபோது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் பெண்ணுக்காக, என் பெண்ணுக்கு அம்மா இருந்தும் இல்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் எழுந்தார். தட்டுகளைத் தாண்டி நேராக வந்து என் எதிரில் உட்கார்ந்தார். சபையில் அப்படித் தாண்டக் கூடாது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் முழங்காலில் கையை வைத்துக் கேட்டார்: "அல்லோரா, க்வாந்தோ தி பஸ்தா?"

அப்போ, உனக்கு எவ்வளவு போதும்?

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள், கேட்காமலே போட்டிருக்கிறார்கள், போடாமல் எடுத்துக்கொண்டு போயும் இருக்கிறார்கள். எவ்வளவு என்று என் வாயால் சொல்லச் சொல்லி ஒருத்தர் முழங்காலில் கை வைத்துக்கொண்டு காத்திருந்ததில்லை. பதில் எனக்கு மனப்பாடம். ஓஞ்ஞி ஆன்னோ, வருஷா வருஷம். வருஷக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தபோதே மகள் இதையும் போனில் எத்தனையோ தடவை சொல்ல வைத்திருக்கிறாள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டாள். அதோடு இத்தாலிய பாஷை மொத்தமும் எனக்கு மறந்துபோனது.

"தெனம் பாத்தாலும் எனக்குப் போதாதுமா," என்றேன்.

மாப்பிள்ளை மொழிபெயர்க்க வாயெடுத்தார். அவர் அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். என் கன்னத்தைத் துடைத்தார், தன் கன்னத்தையும் துடைத்துக்கொண்டார். ஒரே ஒரு விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "ஓஞ்ஞி ஆன்னோ," என்றார். மாப்பிள்ளை பக்கம் திரும்பி அதே விரலை ஆட்டி இன்னொரு தடவை சொன்னார், அவரும் சரி என்று தலையாட்டினார். பிறகு அந்த விரலைத் தன் நெஞ்சில் குத்திக் காட்டி, கையை விமானமாகப் பறக்கவிட்டு, என் வீட்டுத் தரையில் கொண்டுவந்து இறக்கினார்.

பந்தலில் சலசலப்பு ஏறிக்கொண்டே போனது. என் வீட்டுக்காரரின் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா இது, நீங்களே பேசிக்கினு நீங்களே அழுதுக்கினு இருக்கீங்க? சபையில கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. குறை எதுனா இருக்குதா இல்லையா?"

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து நின்றேன். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"குறை ஒண்ணும் இல்லீங்க," என்றேன். "தட்டை மாத்திக்கலாம்."